கெட்டிக்காரர் வேண்டாம்

"கெட்டிக்காரர் எனக்கு வேண்டாம், ரீச்சர்."

அல்பேர்ட் இப்படிச் சொன்னதும் ஜெயரூபினி ரீச்சருக்குப் பத்திக்கொண்டு வந்தது.

வராதா பின்னே? தொழிற்கல்விப் பிரிவுப் பிள்ளைகள் கிழமையில் ஒருநாள் வெளியில் எங்கேயாவது வேலை பழகினால்தான் சான்றிதழ். கிளிநொச்சியில் இருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிற ரீச்சர், இதற்காக முல்லைத்தீவு முழுக்கச் செருப்புத் தேய நடந்துவிட்டா. கராஜ், கடை, தும்பு ஆலை ஒன்றும் மிச்சமில்லை. எல்லோரும் தேத்தண்ணி தந்து, "பிறகு பாப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள். ஐஸ் ஆலை முதலாளி அல்பேர்ட் மட்டும்தான் ஆறு இடம் தருகிறேன் என்றார். ஒப்பந்தம் எழுதி, அதிபரிடம் கையெழுத்து வாங்கி, வகுப்பில் முதல் ஆறு பேரின் பெயரையும் கொண்டு வந்தால், மனுசன் இப்படிச் சொல்கிறார்.

"அப்ப ஆரை எடுக்கப் போறியள்?"

"றொமேஸ், வின்சன், வினோதன். அவங்களோட திரியிற மற்ற மூண்டு பேரும்."

ரீச்சர் கதிரையை விட்டு எழும்பியே விட்டா.

"ஐயோ, அதுகளோ! கிழமையில ரெண்டு நாள் வந்தாலே பெரிய விசயம். கேட்டால் காய்ச்சல், வயித்துக்குத்து, அம்மம்மா செத்துப்போனா. றொமேசுக்கு இந்த வருசம் மட்டும் மூண்டு அம்மம்மா செத்திட்டினம்!"

அல்பேர்ட் சிரிக்கவில்லை.

"அவங்கள்தான் வேணும்."

"ஏனெண்டு எனக்கு விளங்குது. நல்ல பிள்ளையள் எண்டால் படிச்சுப்போட்டுப் போயிடுவினம். இதுகள் எண்டால் பள்ளிக்கூடத்தை விட்டிட்டு உங்களிட்டயே ஐஸ் கட்டி தூக்கிக்கொண்டு கிடக்கும். மலிவாய் ஆள் பிடிக்கத்தானே பாக்கிறியள்?"

"பேசுங்கோ ரீச்சர், பேசுங்கோ. ஆனால் நான் சொல்லுறதையும் ஒப்பந்தத்தில எழுதுங்கோ. திங்களில இருந்து வியாழன் மட்டும் நாலு நாளும் வகுப்புக்கு வந்தவன் எண்டு நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தரவேணும். தந்தால்தான் வெள்ளிக்கிழமை என்ர கேற்றுக்குள்ள விடுவன். ஒருநாள் குறைஞ்சாலும் விடமாட்டன்."

ரீச்சர் திரும்பவும் இருந்தா. இதை அவ எதிர்பார்க்கவில்லை.

"வந்தால்?"

"மிசின் வேலை முழுக்கப் பழக்குவன். அண்டைக்கே ஒரு கிழமைச் சம்பளமும் குடுப்பன்."

"ஒருநாளைக்கு ஒரு கிழமைச் சம்பளமோ?"

"ஓம். அவங்கட வீடுகளிலயும் உலை கொதிக்க வேணும்தானே."

ரீச்சரின் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப வகுப்பில முதலாவதாய் வாற எங்கட யதுசா? அந்தப் பிள்ளைக்கு நான் வாக்குக் குடுத்திட்டன்."

"அதையும் அனுப்புங்கோ. ஏழாவதாய் ஒரு இடம் போட்டால் ஆலை இடிஞ்சு விழாது. மிச்ச அஞ்சு பேருக்கும் நான் கராஜ்காரரோட கதைக்கிறன். உங்களுக்கு மாட்டன் எண்டவை எனக்கு அப்படிச் சொல்லமாட்டினம்."

ரீச்சர் பேனையை எடுத்துப் புதிய பெயர்களை எழுதினா. நாலு நாள் வரவு என்கிற விசயத்தையும் எழுதினா. எழுதி முடிக்கையில் அவவுக்கு வெட்கமாய் இருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களை நான் என்னவெல்லாமோ சொல்லிப்போட்டன். ஒருத்தரும் சீண்டாத பெடியளை இப்படித் தேடி எடுக்க ஒரு பெரிய மனசு வேணும்."

அல்பேர்ட் கையெழுத்துப் போட்டுவிட்டு, தாளை அவ பக்கம் தள்ளினார். அவ முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பெரிய மனசும் இல்லை, ஒண்டும் இல்லை ரீச்சர். காலமை அஞ்சு மணிக்குக் கரைவலை இழுக்கத் துடங்கினால், வலை கரையேறப் பத்து மணியாகும். வலை என்ர. கயிறு இழுக்கிறது இந்த ஆறு பேரும்தான். உங்கட வரவு இடாப்பில இவங்கள் வராத நாளுக்கு விழுந்த சிவப்புக் கோடு முழுக்க நான் கீறினது."