அம்மா செய்த டின் மீன் பாஸ்தா

மீன் டின்னைத் திறக்காமலேயே கொதிக்கிற தண்ணீரில் போட்டாள் அம்மா.

“ஏலே பென்சா, நீ போன்ல சொன்ன மாதிரியேதான் செய்றேன். செத்த நேரம் பேசாம இரு.”

வாயைத் திறந்தால் வம்பு.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவனுக்கு முதல் நாளே இந்தக் கூத்து. ரயிலில் வரும்போதெல்லாம் அயிரை மீன் குழம்பு நினைப்புதான். அம்மாவோ மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் போய், கடை கடையாக விசாரித்து, பாஸ்தாவும் டின் மீனும் வாங்கி வைத்திருக்கிறாள். மகனுக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

பிடிக்கும் என்று சொன்னவன் நான்தான்.

போனை எடுத்ததும் என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பாள். டின்னை வெந்நீரில் போட்டெடுத்து, வேகவைத்த பாஸ்தாவில் மீனைக் கொட்டிக் கிண்டினால் அமிர்தம் என்று அளந்துவிடுவேன். ஸ்டோரில் வேலை, ரூமில் ஹீட்டர் என்றும் புளுகியிருந்தேன்.

எல்லையில், பனிமலைக் காவலில் டின்னுக்குள் மீன் கல்லாய் உறைந்து கிடக்கும், அதற்காகத்தான் வெந்நீர் என்பதை மட்டும் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் இங்கே அது தேவையில்லை என்றால், மற்றதையும் சொல்ல வேண்டிவரும். லீவு முடிந்து நான் போகப்போவதும் அதே இடத்துக்குத்தான். தெரிந்தால் இவள் தூங்கமாட்டாள்.

பாஸ்தாவைக் குக்கரில் வைத்து மூன்று விசில் விட்டாள். களியாகிவிட்டது. சின்ன வெங்காயத்தை வதக்கி, டின் மீனைக் கொட்டி, புளியும் கரைத்து ஊற்றினாள்.

உப்புப் பார்க்கமாட்டாள், அதுவரைக்கும் தப்பித்தேன். இது லெந்து காலம், நாற்பது நாள் விரதம். ஈஸ்டர் வரைக்கும் மீனை ஆக்கிப்போடுவாளே தவிர வாயில் வைக்கமாட்டாள். காய்ச்சலில் கிடந்த வருஷம், டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை.

முதல் வாயிலேயே அந்தத் தகர வாடை தொண்டையைப் பிடித்தது. மாதக்கணக்கில், வேறு வழியில்லாமல் உள்ளே தள்ளிய அதே வாடை.

பிரமாதம் என்றேன். இன்னும் கொஞ்சம் வை என்று நானே தட்டை நீட்டினேன். அம்மா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அதைப் பார்ப்பதற்கு ஒரு குக்கர் முழுக்கத் தின்னலாம்.

கடைசிக் கவளம் மட்டும் இறங்க மறுத்தது. அதைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்துபோனேன்.

திரும்பி வந்தால், அம்மா அந்த மிச்சத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மென்றாள். பிறகு கண்ணை இறுக்க மூடி விழுங்கினாள்.

“நல்லாத்தாம்ல இருக்கு.”

அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. என் முகத்தைப் பார்க்காமல், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

விரதத்தை ஏன் விட்டாள் என்று நான் கேட்கவில்லை. இதை எத்தனை மாதம் தின்றேன் என்று அவளும் கேட்கவில்லை.