கறுப்புச் சொட்டு

என் சம்பந்தி திருவேங்கடம் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரிக் கூரையே ஒரு முழம் உயர்ந்துவிட்டது. "எங்க பரம்பரையில ஏழு தலைமுறையா பூனைக்கண் கிடையாது! இது உங்க வீட்டுச் சரக்கு!"

எங்கள் மூன்று மாதப் பேரன் பச்சைக் கண்களை உருட்டிச் சிரித்தான். அந்த வெளிச்சத்தில் பேப்பரே படிக்கலாம். தடுப்பூசியோடு, எந்த நிறக் கண்ணையும் கறுப்பாக்கிவிடும் கறுப்புச் சொட்டும் விட்டுவிடுகிற காலம் இது. ஊரெல்லாம் சலித்தாலும் வேறு நிறக் கண் அகப்படாது.

"ரெண்டு சொட்டு விடும்மா," என்று சம்பந்தி, நர்ஸ் ஜெபமணியை விரட்டினார்.

"வேண்டாம்ப்பா! அவனுக்கு அவன் கண்ணே இருக்கட்டும்." என் மருமகள் இழையினி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "என் கண்ணும் பச்சைதான். பெண் பார்க்கப் போன அன்னைக்குக் காலையில சொட்டு விட்டுக்கிட்டேன்," என்று நாற்பது வருஷ ரகசியத்தைப் போட்டு உடைத்தேன். என் மனைவி பார்த்த பார்வையில் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது.

"பார்த்தீங்களா!" சம்பந்தி துள்ளினார்.

"சொட்டு கண்ணைத்தான் கறுப்பாக்கும், பரம்பரையை இல்லீங்க," என்றாள் ஜெபமணி. "ஆனா ஒரு பக்கம் மட்டும் இருந்தா பேரனுக்கு இப்படி வராது. அம்மா வழியிலயும் இருக்கணும்."

எல்லோரும் திரும்பினோம். திருவேங்கடம் வார்டுக்குள்ளேயே அவசரமாகக் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"குழந்தைக் கண்ணுதானே," என்றார் சுவரைப் பார்த்து. "இருந்துட்டுப் போகட்டும்."