புரட்டாத பக்கம்

“என்ன கண்டக்டரே, பரீட்சை ஏதாவது எழுதப் போறீங்களா? நான் இந்த டிப்போவுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. தினமும் அதே பக்கம்தான்.”

டைம் கீப்பர் பஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முதல் டிரிப் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. கண்டக்டர் டிக்கெட் மெஷினை மடியில் வைத்து, அதன்மேல் பைபிளை விரித்திருந்தார்.

“இது இன்னும் முடியல சார்.”

“ஒரு பக்கமா? எங்க வீட்டம்மா வருஷத்துக்கு ஒரு தடவை முழுசையும் முடிச்சிடறா.”

“மத்த பக்கமெல்லாம் வீட்டுல நானும் சம்சாரமும் வாசிப்போம். ஆறுதல் அங்கே கிடைச்சிடுது. இது அதுக்கில்ல. இதுல சொன்னதைச் செய்யாம அடுத்ததுக்குத் தாவறது ஏமாத்து வேலை.”

“சரி, அப்புறம் வாசிங்க. இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்களை வேற பஸ்ஸுக்கு மாத்தியிருக்கு. நல்ல ரூட். சாயங்காலமே வீட்டுக்குப் போயிடலாம்.”

“வேண்டாம்.”

“அந்த உம்மணாமூஞ்சியோட என்னதான் ஒட்டுதலோ. அவர் உங்க முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசி நான் கண்டதில்ல.”

உம்மணாமூஞ்சி என்று அவர் சொன்ன டிரைவர், முன்சக்கரத்தருகே மண்டியிட்டு பஸ்ஸின் அடியில் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து, சுற்றி வந்து, மறுபடியும் குனிந்தார்.

“நான் போயிட்டா அவரோட யார் வருவா?”

“யாருமே ஒத்துக்கல. கேட்டா காரணமும் சொல்ல மாட்டேங்கறாங்க. ஸ்டியரிங்கை வாங்கிட்டு ஒர்க் ஷாப்புக்கு அனுப்பிடுவாங்க. உங்களுக்கென்ன?”

“அனுப்பக் கூடாது.”

“மேனேஜர் உத்தரவுய்யா. முடியாதுன்னா மெமோ வரும்.”

“வரட்டும். சஸ்பெண்டும் சேர்த்தே வரட்டும். இவர் வண்டிதான் வேணும்னு கேட்டு வாங்கினவன் நான். யார் சொன்னாலும் இறங்க மாட்டேன்.”

டைம் கீப்பர் தாளை மடித்துக்கொண்டார். “அப்படி அவர் உங்களுக்கு என்னதான் வேணும்? சொந்தமா?”

கண்டக்டர் புத்தகத்தை மூடவில்லை. ‘மன்னியுங்கள்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

“இவர் ஓட்டின பஸ்ஸுலதான் சார் என் பொண்ணு அடிபட்டுச் செத்தா. இவர் மேல தப்பில்லைன்னு கோர்ட் சொல்லிடுச்சு. என் மனசு இன்னும் சொல்லல.”

பஸ் நேரத்துக்குக் கிளம்பியது. மெமோ மறுநாள் வந்தது.