பிழைப்பவருக்கு மட்டும்

அந்தக் கொரோனா அலையில் யாரைச் சேர்ப்பது என்பதை மருத்துவமனைக் கதவே தீர்மானித்தது. விரலை வைத்தால் பழைய நோய்களையெல்லாம் பார்த்துவிட்டு, பிழைப்பார் என்று தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும்.

பிலோமினாளும் அவள் கணவன் சூசையும் காய்ச்சலோடு ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். சூசை விரலை வைத்ததும் கதவு திறந்தது. அடுத்து பிலோமினாள் வைத்தாள்.

"சர்க்கரை நோய். காசநோயால் சிதைந்த நுரையீரல். அனுமதி இல்லை" என்றது கதவு.

அவள் கணவனைப் பார்த்தாள். "அந்தக் காசநோய் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க. உங்கம்மா ரத்தமா இருமிக்கிட்டுக் கெடந்தப்ப நீங்க தனி வீடு பாத்துப் போயிட்டிய. நாந்தான பக்கத்துல இருந்தேன்?"

"மெஷின்கிட்ட அதச் சொல்லி என்ன செய்ய? நீ வீட்டுக்குப் போ, போன் பண்ணுதேன்" என்ற சூசை, திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

பிலோமினாளுக்கு இருமலை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. மூடப்போன கதவின் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். கதவு அவள் தோளில் இடித்துப் பின்வாங்கி, மறுபடியும் இடித்தது.

"எந்திரிங்கம்மா, போலீஸக் கூப்பிடுவேன்" என்று காவலாளி கத்தினான்.

"கூப்பிடு. எனக்கு மூச்சு இருக்க வரைக்கும் இது மூடாது."

கதவு திருப்பியனுப்பிய பலர் மரத்தடியில் கிடந்தார்கள். சிறுநீரகம் பழுதான ஒருத்தி முதலில் எழுந்து, பிலோமினாளின் கால்களைத் தாண்டி உள்ளே போனாள். மற்றவர்களும் இருமிக்கொண்டே பின்தொடர்ந்தார்கள். தடுக்க வந்த காவலாளி சுவரோரம் ஒதுங்கிக்கொண்டான்.

அதற்குள் ஆக்சிஜன் குழாயோடு சூசை படுத்துவிட்டிருந்த கட்டில் வாசலிலிருந்தே தெரிந்தது. இதய நோயாளி ஒருவர் அதில் போய் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் படும்வே" என்றார்.