கமலினியின் நெற்றி

கலையுலக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் வந்தேவிட்டது: மராட்டிப் பட நடிகை கமலினி ஷிரோட்கருக்குக் கோலாப்பூரில் பாராட்டு விழா. வாழ்நாளெல்லாம் திரையில் விதவையாகவே அழுதவள். மேடையிலிருந்த பெண்களுக்கு வரிசையாகக் குங்குமம் வைத்து வந்த மாதர் சங்கத் தலைவி, கமலினி ஆசையாக நெற்றியை நீட்டியதும் சிமிழைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“ஐயோ, உங்களுக்குப் போய் எப்படிம்மா வைக்கிறது?”

“அடியே, அது சினிமா! என் வீட்டுக்காரர் அதோ உட்கார்ந்திருக்கார் பாரு.”

“இருக்கட்டும்மா. நீங்க அழுது பார்த்தவங்க நாங்க. கை வரமாட்டேங்குது.”

சிமிழ் அடுத்த நெற்றிக்குப் போய்விட்டது. கமலினி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். திரையில் பார்த்த அதே அசைவை நேரில் கண்டுவிட்ட அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசையில் அவள் கணவரும் தட்டினார்.