தாடியரின் விரதம்

"இஞ்ச பார் சுபோதினி, இண்டையிலயிருந்து ஆறு நாளைக்கு இந்த வீட்டுக்குள்ள மீன், இறைச்சியெண்டு மச்சம் ஒண்டும் வரக்கூடாது. மனிசருக்கும் சரி, தொட்டியில நிக்கிற தாடியருக்கும் சரி!"

கந்தசஷ்டி தொடங்கிய அன்று காலையில் மாமியார் சரோஜினிதேவி போட்ட சட்டம் இது.

சுபோதினிக்குப் பகீரென்றது. தாடியர் என்பது அவளுடைய கணவன் ஹரிசன் உப்புத்தண்ணித் தொட்டியில் வளர்க்கும் நகரை மீன். நாடிக்குக் கீழே இரண்டு தாடி. அதால் நாள் முழுக்க மணலைக் கிண்டித் தீன் தேடுவார்.

வேலை விஷயமாக மாலைதீவுக்குப் போகும்போது ஹரிசன் படித்துப் படித்துச் சொன்னது ஒன்றுதான். "இறால் நறுக்கிப் போட மறந்திடாத. அது பசி தாங்காது. நான் வரேக்க உயிரோட இருக்கவேணும்."

"மாமி, மீனுக்கென்ன விரதம்?"

"முருகன்ர படத்துக்கு நேர வச்சு இறால் போடுவியளோ? கடையில வாங்கின குருணைத் தீனைப் போடு."

"அதை வாயில எடுத்துத் துப்புது மாமி."

"பசிச்சால் தின்னும்."

சுபோதினி எதிர்வீட்டு மாக்ரெட் அக்காவிடம் ஓடினாள்.

"அக்கா, உங்கட பிறிட்ஜில ஒரு சின்னப் பெட்டி வைக்கட்டோ?"

மாக்ரெட் சிரித்தாள். "தாராளமா வை. நான் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டன்."

அன்றிலிருந்து சுபோதினிக்குக் களவு வாழ்க்கைதான். மாமி தேவாரம் பாடக் கண்ணை மூடினால், இவள் தொட்டி மூடியைத் திறப்பாள். காலையில் ஒருதரம், வேலையால் வந்து ஒருதரம்.

மூன்றாம் நாள் மாமி பாதித் தேவாரத்தில் எழும்பி வந்துவிட்டா.

"என்ன பிள்ளை மீன் வெடுக்கு மணக்குது?"

"கடற்காத்து மாமி!" இறால் துண்டைப் பொத்திப் பிடித்தபடி சொன்னாள். கடற்கரையோரம் வெள்ளவத்தையில் இருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

ஆறாம் நாள், சூரன்போர். பின்னேரம் ஹரிசன் வந்து இறங்குகிறான். விடியவே தொட்டியடிக்குப் போன சுபோதினி திகைத்து நின்றாள்.

தாடியர் மணலில் படுத்திருந்தார். மூக்குக்கு நேரே இறாலைப் போட்டாள். தாடி அசையவில்லை. வாயும் திறக்கவில்லை. எந்த நேரமும் பசி பசியென்று அலைகிற மீன்!

நேற்று மாமி தொட்டி மூடியைச் சரிசெய்துகொண்டு நின்றது சட்டென்று ஞாபகம் வந்தது. ஐயோ, மாமி என்னத்தையோ போட்டிட்டா!

வாசலில் செருப்பும் போடாமல் எதிர்வீட்டுக்குப் பறந்தாள்.

"அக்கா! தாடியர் சாகப்போறார்! மாமிதான் ஏதோ செய்துபோட்டா. அவர் வந்து கேட்டால் நான் என்ன சொல்ல?"

"வயிறு எப்பிடி இருக்கு?" என்றாள் மாக்ரெட், நிதானமாக.

"பலூன் மாதிரி ஊதிப்போய்க் கிடக்கு."

மாக்ரெட்டுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "சாப்பிட்ட களையில கிடக்கிறார், விசரி!"

"ரெண்டு நேரச் சாப்பாட்டுக்கு இவ்வளவு ஊதுமோ?"

பதில் வருவதற்குள் வாசல்மணி அடித்தது. மாக்ரெட் அவளைக் குசினிக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

"மூச்சு விடாம நில்லு. வாற ஆளைப் பார்."

கதவிடுக்கால் பார்த்தாள் சுபோதினி. நெற்றி நிறைய விபூதியோடு, அங்குமிங்கும் பார்த்தபடி மாமி உள்ளே வந்தா. நேரே பிறிட்ஜைத் திறந்து, அடித்தட்டில் இருந்து வேறொரு ஐஸ்கிரீம் பெட்டியை எடுத்தா. மூடியைத் திறக்க, உள்ளே பொடிப்பொடியாக நறுக்கின இறால்.

"கெதியாப் போகவேணும் மாக்ரெட், போட்டிட்டுத் திரும்பவும் தலைமுழுகிப்போட்டுத்தான் கோயிலுக்கு" என்று மாமி குரலைத் தாழ்த்தினா. "ஆறு நாள் வெறுந்தண்ணியோட நான் கிடப்பன், அந்த வாயில்லாச் சீவன் கிடக்குமோ? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னதைக் கேட்டு, ஒரு துண்டு இறால்கூடப் போடாம இருக்கிறாளே எங்கட சுபோதினி… என்ன கல்மனசு பார் அவளுக்கு!"