சிவப்பு விளக்கு எரியும்போது

திருச்சியில் முப்பது வருடமாக வானொலிச் செய்தி வாசிக்கும் சுபலட்சுமியின் மகன், கொள்ளிடத்துக்குக் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. அவள் வேண்டாத தெய்வம் இல்லை. ஆறு வருடமாக மதியச் செய்தியின் கடைசித் தாளில், அவனைக் காணவில்லை என்ற அறிவிப்பையும் அவளே வாசிக்கிறாள்.

கடைசியாகக் காணப்பட்ட இடம் எப்போதும் கொள்ளிடக் கரைதான். ஆனால் இந்தத் திங்கட்கிழமைத் தாளில் ஸ்ரீரங்கம் என்று இருந்தது. நேற்று காவிரிப் பாலம்.

“யாருங்க இதை மாத்துறது?”

“யாரும் தொடலைங்க மேடம்” என்றார் பொறியாளர் ஹரிஹரசுதன்.

இன்று, ஸ்டுடியோ வாசல் என்று இருந்தது.

ஒலிபரப்பைக் காட்டும் சிவப்பு விளக்கு எரியும்போது யாரும் ஸ்டுடியோ கதவைத் திறக்கக் கூடாது. வாசித்து முடித்தால் விளக்கு அணைந்துவிடும்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து, முடிக்கச் சொல்லி ஹரிஹரசுதன் கை காட்டினார். கதவின் அடியில் தண்ணீர் கசிந்து வந்தது.

சுபலட்சுமி மறுபடியும் முதல் தாளை எடுத்தாள்.

“செய்திகள். வாசிப்பது சுபலட்சுமி.”